சார்ஜா என்று பெயர் வாங்கிய குவைத் குளிர்

2019 நவம்பர் பதினாறாம் திகதி சனிக்கிழமை காலை, ஒஸ்லோவின் ஓரம் மோர்டென்ஸ்ருட்டில் வரிசை வீடுகளின் கடைசியில் இருந்த யோசேப்பு வீட்டுப் பின்வளவில் குவைத்தின் குளிர்காலம் வந்து இறங்கியது. அயல் வளவுகளில் சைபருக்குக் கீழே ஆறு பாகை, கணுக்கால் அளவு பனி. யோசேப்பு வீட்டில் பதினெட்டுப் பாகை, துடைத்துவிட்ட வானம், வடமேற்கிலிருந்து இலேசான காற்று, கொஞ்சம் தூசி. கூடவே, பம்பும் வடிகட்டியும் சேர்த்து, நீலத் தரையோடு போட்ட ஒரு நீச்சல் தடாகமும் வந்திருந்தது. தடாகத்தின் நீளம் ஒன்பது மீற்றர், வளவின் நீளம் ஆறு மீற்றர். நகரசபையிலிருந்து வந்த அளவையாளர் இரண்டையும் இரண்டு தடவை அளந்து, இரண்டும் சரி என்று எழுதிக் கையெழுத்து வைத்து, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனார். மார்ச் கடைசியில் தடாகமும் வெயிலும் போய் பழைய புல்தரை வந்தது. அடுத்த நவம்பரில் இரண்டும் திரும்ப வந்தன. அதன் பிறகு வருடா வருடம் வந்தன, ஒரு கிழமை முந்தியோ பிந்தியோ.

வந்தது குவைத்தின் குளிர் என்று ஒஸ்லோவில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் அதைச் சார்ஜா என்றே சொன்னார்கள், ஏனென்றால் யோசேப்பு அப்படிச் சொன்னார். 1988இல் நோர்வேக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் அவரைச் சார்ஜாவில் ஓர் அறையில் பதினொரு நாள் பூட்டி வைத்திருந்தான். யன்னல் சீலையை விலக்கக்கூடாது என்பது கட்டளை. அந்தப் பதினொரு நாளை முப்பது வருடமாக நீட்டி, ஒட்டகம், மணற்புயல், ஒரு சேக்கின் வீட்டு விருந்து என்றெல்லாம் யோசேப்பு ஊருக்குச் சொல்லி வந்தார். பேருந்து ஓட்டும் தொழிலில் இருப்பவருக்குச் சொல்ல ஏதாவது வேண்டும்தானே. ஆகவே பாலைவனம் தேடி வந்தபோது அது தன்னைத்தான் தேடி வந்தது என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. "அது என்னை மறக்கேல்லை," என்று கண் கலங்கச் சொன்னார்.

அவருடைய மனைவி மரியரஞ்சனி சமையலறை யன்னலால் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தடாகத்தின் மூன்றாவது படியில் ஓர் ஓடு மூலை உடைந்திருந்தது. அதை உடைத்தவள் அவள்தான், 1995ஆம் ஆண்டு, இரும்புத் தூரிகை கைதவறி விழுந்து. அப்படியே தரையில் இருந்துவிட்டாள். மன்னாரிலிருந்து குவைத்துக்குப் போய் ஒரு வீட்டில் நாலு வருடம் வேலைக்காரியாக இருந்தவள் அவள். கலியாணம் பேசி வந்தபோது, அந்த நாலு வருடமும் நீர்கொழும்பில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தாள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளும் அதையே சொன்னாள், யோசேப்புக்கும், மகள் ஜெனுஷாவுக்கும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்த சுவாமிக்கும்கூட. ஊரில் "வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பொம்பிளை" என்றால் அதைச் சொல்லும்போதே வாயை ஒரு பக்கம் கோணுவார்கள். அந்தக் கோணலைத் தன் மேல் திருப்பக்கூடாது, அவ்வளவுதான் அவளுடைய பயம். இப்போது அந்த நாலு வருடமும் தண்ணீரோடு வந்து வளவில் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற விளையாட்டில் இனிப் பூசணிக்காய்க்குத்தான் வெற்றி என்று நினைத்தாள். புருசன் சார்ஜா என்று சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது. இத்தனை வருடத்தில் யோசேப்பு சொன்ன பொய்களில் அவளுக்கு உதவிய முதற் பொய் அது.

ஆனால் பாலைவனத்துக் குளிர்காலத் தடாகம் என்பது படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிற காரியமில்லை. குளிரில் ஒருவரும் இறங்க மாட்டார்கள் என்று விட்டால் மூன்று கிழமையில் தவளை குடியிருக்கும். யோசேப்பு விடுமுறை நாட்களில் நீண்ட வலையோடு கரையில் நின்று, வருகிறவர்களுக்குப் பிரசங்கம் வைத்தார். பம்பைப் பதினாலு மணித்தியாலம் ஓடவிட்டார், மத்தியான வெயிலில் குளோரினைக் கொட்டினார், அதை வெயில் தின்றுவிட்டுப் போனது. அவர் காலை வேலைக்குப் போனதும் மரியரஞ்சனி வளவுக்கு இறங்குவாள். பம்பை நாலு மணித்தியாலத்துக்குக் குறைப்பாள், சுவரைத் தேய்ப்பாள், தூசி அடித்த மறுநாள் வடிகட்டியைக் கழுவுவாள், காற்றுக் குடித்த தண்ணீரைக் குழாயால் நிரப்புவாள். மாலையில் குப்பை போடப் போகிற சாட்டில் குளோரினைக் கரைத்து ஊற்றுவாள். கோடைகால ரப்பர் தொட்டிகளை அயலவர்கள் வடித்து மடித்து வைப்பதைப் பார்த்து யோசேப்பும் இரண்டாம் வருடம் தண்ணீரைத் திறந்துவிட வெளிக்கிட்டார். வடித்தால் ஓடு கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும், அதைத் தையல் படித்தவள் எப்படிச் சொல்வது? அந்தோனியார் கனவில் வந்து தண்ணீரை வடிக்க வேண்டாம் என்றார் என்று சொன்னாள். யோசேப்பு உடனே திருகைப் பூட்டினார். அந்தோனியார் காணாமல் போன திறப்புகளைத் தேடித் தருவதற்கு மட்டுமல்ல, தடாகங்களுக்கும் பொறுப்பு என்பது அவருக்குப் புதுமையாகப் படவில்லை.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, பெயர் யோசேப்புக்குப் போனது. ஒஸ்லோத் தமிழர் பாதிப்பேர் வளவைப் பார்க்க வந்தார்கள். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. செத்தல் மிளகாயையும் மோர்மிளகாயையும் சுளகு சுளகாகக் கொண்டுவந்து கரையில் பரப்பினார்கள், தை மாதத்தில் இந்த வெயிற் காய்ச்சல் வேறு எங்கே கிடைக்கும்? நோர்வேக்காரருக்கு மிளகாயில் அக்கறையில்லை. பதின்மூன்று பாகைத் தண்ணீர் என்றதும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார்கள். குடியிருப்புச் சங்கம் கூடி, மணல் பொதுவழிக்கு வந்தால் கூட்டுவது யோசேப்பு குடும்பத்தின் பொறுப்பு என்று தீர்மானம் எழுதியது. நகரின் மறு கோடியில் குரோருட்டிலிருந்து கமலேஸ்வரி மாதம் ஒருமுறை வடகத்தோடு வருவார். வடமராட்சிக்காரி, நல்ல குடும்பம், நல்ல காது. யார் வீட்டில் என்ன உடைந்தாலும் சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்கும். மரியரஞ்சனியின் கையைப் பிடித்துப் பார்த்து, "தையல் படிச்ச கையிலை இப்பிடிக் காய்ப்பு வராதே," என்று ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து ஆட்கள் முன்னால் மரியரஞ்சனி கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

2023 நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் யோசேப்பு ஐம்பது பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வெளியே சைபருக்குக் கீழே பதினொன்று, உள்ளே இருபது. ஆட்டிறைச்சிக் கறி முடியும் தறுவாயில் தூசிக்காற்று எழும்பியது. கால் மணித்தியாலத்தில் அடங்கினாலும் தடாகம் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. ஐம்பது பேரும் யோசேப்பைப் பார்த்தார்கள். யோசேப்பு சேக்கின் வீட்டு வைத்தியம் என்று ஒன்றை அறிவித்து, களஞ்சிய அறைக்குள் போய், ஒரு வாளி நிறையக் குளோரின் தூளும் மறு கையில் அமிலப் போத்தலுமாக வந்தார். இரண்டையும் கலந்தால் வேகம் கூடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போத்தலைச் சரித்தார். வாளியிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழும்பியது.

"லா! லா! பர்ரா! யல்லா, பர்ரா!"

அந்தச் சத்தம் யாருடையது என்று ஐம்பது பேருக்கும் முதலில் விளங்கவில்லை. மாதா சபையில் செபமாலையை முன்னின்று மெல்லச் சொல்கிற மரியரஞ்சனியின் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. போத்தலைத் தட்டி மணலில் விழுத்தினாள், யோசேப்பைக் கழுத்துப்பட்டியில் பிடித்து இழுத்தாள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கமாக ஆட்டுமந்தையைச் சாய்க்கிற மாதிரிச் சனத்தைச் சாய்த்தாள். வேண்டாம், வெளியே, கெதியா வெளியே என்பதெல்லாம் முழுவதும் அரபியில். ஒருவருக்கும் சொல் விளங்கவில்லை, எல்லோரும் கேட்டு நடந்தார்கள். பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் வெறும் காலுறைகளோடு வாசற் பனியில் வந்து நின்றன. இரண்டு பேர் இருமினார்கள், வேறு சேதமில்லை. புகை குவைத் காற்றோடு போய்விட்டது.

கமலேஸ்வரிதான் கேட்டார், குளிரில் பல் கிடுகிடுக்க.

"பிள்ளை, நீர் உந்த அரபு எங்கை பழகினனீர்?"

பதில் சொன்னது யோசேப்பு. கண் எரிந்து நீர் வடிந்தாலும் வாய் பழுதாகவில்லை. "நான்தான் பழக்கினனான். சார்ஜாவிலை பிடிச்ச பாசை."

மரியரஞ்சனிக்கு முன்னால் கதவு திறந்துதான் கிடந்தது. ஓம் என்று தலையாட்டினால் போதும், பூசணிக்காய் திரும்பவும் சோற்றுக்குள் போய்விடும். ஆனால் கொஞ்சத்துக்கு முன் ஐம்பது பேரைச் சாகவிடாமல் இழுத்து வந்தவள் அவள். அந்தப் பெயரும் இந்த மனிசனுக்கா என்று வந்த கோபம், இருபத்திநாலு வருடப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இவர் பழக்கேல்லை," என்றாள். "குவைத்திலை நாலு வருசம் வீட்டு வேலை செய்தனான். இந்தத் தடாகம் அந்த வீட்டுத் தடாகம். அங்கையும் நான்தான் துப்பரவாக்கினனான், இஞ்சையும் நான்தான். கன்னியாஸ்திரியளும் இல்லை, தையலும் இல்லை. எனக்கு ஊசியிலை நூல் கோக்கவே வராது."

கமலேஸ்வரி "ஓ," என்று மட்டும் சொல்லிச் சால்வையை இழுத்து மூடினார். சப்பாத்துகளைத் தேடி எடுத்துக்கொண்டு எல்லோரும் போனார்கள். அன்று மாலைக்குள் செய்தி நாட்டின் மறு கரையில் ஸ்தவாங்கர் வரை போயிருந்தது. மாதா சபையில் செபமாலையை முன்னின்று சொல்ல வேறு ஒருவரை வைத்தார்கள், மரியரஞ்சனிக்குத் தொண்டை சரியில்லை என்று அவர்களாகவே ஒரு காரணமும் வைத்தார்கள். சுளகுகள் வருவது நின்றது. நோர்வேக்காரர் மட்டும் வழமைபோல வந்து குதித்தார்கள், அவர்களுக்கு இதில் வெட்கப்பட என்ன இருக்கிறதென்று கடைசிவரை விளங்கவில்லை. மரியரஞ்சனி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து வந்து பட்டப்பகலில், எல்லா வீட்டு யன்னலும் பார்க்க, சுவரைத் தேய்த்தாள்.

யோசேப்பு ஒன்பது நாள் அவளோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் கரைக்கு வந்து நின்றார்.

"இருபத்திநாலு வருசம் என்னை ஏமாத்திப்போட்டாய்," என்றார்.

"நீங்கள் சார்ஜாவிலை கண்டது ஒரு யன்னல் சீலை," என்றாள் அவள்.

யோசேப்பு அதை யோசித்துப் பார்த்தார். அவருக்கு உண்மையான துக்கம், இனி அந்த ஒட்டகக் கதையைச் சொல்ல முடியாது என்பதுதான். பிறகு தண்ணீர் சோதிக்கிற தாளை எடுத்து நனைத்து, "இந்த நிறம் காணுமோ, காணாதோ?" என்று கேட்டார். அவள் காட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவரும் கெட்டிக்காரன் ஆகிவிட்டார், அதாவது சொன்னதைச் செய்தார்.

பதினொரு மாதமாகக் கமலேஸ்வரியின் சத்தமில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஒரு முற்பகல் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, சுகமோ? ஒரு சின்ன விசயம். எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் வீட்டிலை, பல்கனியிலை, தண்ணி பச்சையாப் போச்சாம். என்ன போடுறதெண்டு கேக்கினம்."

கமலேஸ்வரியின் பல்கனி குரோருட்டில் மூன்றாம் மாடியில் இருந்தது. நாலு கதிரை போட்டால் நிறைந்துவிடும். அந்தப் பக்கம் கண்ணாடியில் மணல் உரசுகிற சத்தமும், அதற்குப் பின்னால் ஒரு பம்பின் இரைச்சலும் மரியரஞ்சனிக்குத் தெளிவாகக் கேட்டன. கேட்க எத்தனையோ இருந்தது. கோணின வாய்களில் முதல் வாய் யாருடையது என்றும் அவளுக்குத் தெரியும்.

"நீளம் எவ்வளவு, அக்கா?"

"பன்ரண்டு மீற்றர். எண்டுதான் அவை சொன்னவை."

"எந்த ஊர்த் தண்ணி? ஊருக்கு ஊர் மருந்து மாறும்."

கமலேஸ்வரி எழும்பிப் போய் ஓர் அறைக்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தமாம்," என்றார். "சவுதி. ஆறு வருசம்."

"தமாம் தண்ணி உப்புக் கூட, அக்கா. பயப்பிடாதேங்கோ, நாலு நாளிலை தெளியும். பேப்பரும் பேனையும் எடுங்கோ."

கமலேஸ்வரி போய் எடுத்துக்கொண்டு வந்து, சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார்.