ரெண்டுங்கெட்டான் வீராங்கனை

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தையல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், துணி வெட்டும் மேசை போர்க்களமாகிவிடும். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக நாங்கள் ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்துவது அண்ணி. குகை, பாலம், டிராகன் எல்லாம் அவர் சாக்பீஸால் வரைவதுதான். பக்கத்துக் கடை மீசைக்காரர் வில்லாளி. நான் வாள்வீச்சுக்காரி. ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணன் இங்கே கிழட்டு மருத்துவர். "அடி வாங்குனா எங்கிட்ட வா" என்பதுதான் அவன் பல்லவி.

எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு. பாத்திரம் செத்தால், அதன் உயிரும் திறமையும் எழுதிவைத்த தாளை ஆடியவரே என் கத்திரிக்கோலால் வெட்டிப் போட வேண்டும். மீசைக்காரர் நிறைய வெட்டியவர். அண்ணன் தன் கிழவரை முதல் ஆட்டத்திலிருந்து கட்டிக் காத்து வந்தான்.

அன்று எனக்கு லெவல் ஏறியது. வாளிலேயே தொடர்ந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெட்டு. அதை விட்டு மருத்துவத்தில் ஒரு லெவல் எடுத்தால், காயம் ஆற்றும் சின்ன மந்திரம் ஒன்று, அவ்வளவுதான்.

"பைத்தியமா? டிராகன் வாசல்ல நிக்குது!" என்றார் மீசைக்காரர்.

"வாளும் உருப்படாது, வைத்தியமும் உருப்படாது. ரெண்டுங்கெட்டான்!" அண்ணன் சிரித்தான். "அதுக்குத்தான் நான் இருக்கேன்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவன் விழுந்தால் இவனை யார் எழுப்புவது? ஒரே ஊசியை நம்பி நான் ஒரு நாளும் மெஷினில் உட்கார்ந்ததில்லை. மருத்துவம் என்று அழுத்தி எழுதியதில் தாளே கொஞ்சம் கிழிந்தது.

சண்டை தொடங்கியது. என் ஒற்றை வெட்டுக்கு ஒவ்வொரு முறையும் மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். அண்ணன் வழக்கம்போல் எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துவிட்டுத் தன்னை மறந்தான். நெருப்பு அவன் மேல்தான் விழுந்தது.

"மருத்துவர் விழுந்துட்டார். இந்தச் சுத்துல யாரும் எழுப்பலன்னா அவ்வளவுதான்." என்றார் அண்ணி.

அண்ணன் கத்திரிக்கோலை எடுத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கீழ வைண்ணா. என் முறை இருக்கு. நான் வைத்தியம் பாக்குறேன்."

கொஞ்சம் உயிர்தான் திரும்பியது. எழுந்து நிற்க அது போதும். டிராகனுக்கும் மிச்சம் கொஞ்சம்தான். மந்திரமெல்லாம் தீர்ந்த கிழவர் கைத்தடியை ஓங்கினார். அண்ணன் இருபது முகப் பகடையை உருட்டினான்.

இருபது!

மீசைக்காரர் ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். அண்ணி டிராகனைக் கையாலேயே அழித்தார். நான் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

அண்ணன் தன் தாளை நீவி நீவி மடித்தான். "ரெண்டுங்கெட்டான்னு சொன்னது..." என்று இழுத்தான்.

"அதை விடு. இனிமே அடி வாங்குனா எங்கிட்ட வா," என்றேன்.