பிற்பகல் டப்பா

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியிலிருந்து காலையில் வரும் ரத்தம் நன்றாக இருந்தது. அதே மாடியிலிருந்து பிற்பகலில் வரும் ரத்தம் கெட்டுப்போய் வந்தது. அதே நர்சுகள், அதே ஊசி, அதே பச்சை மூடி போட்ட ட்யூப். புதன்கிழமை மூன்று மணிக்கு வந்த சாம்பிளை மெஷினில் சுழற்றி எடுத்து, பரிசோதனைக் கூடத்தின் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பிடித்துப் பார்த்தாள். மேலே தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அது மாதுளைச் சாறு மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான். திங்கட்கிழமையும்.

ரத்தம் என்பது ஒரு நீரில் மிதக்கும் கோடானுகோடி குட்டிப் பைகள். ட்யூபை வேகமாகச் சுழற்றினால் பைகள் அடியில் படிந்து, நீர் மேலே தனியாக நிற்கும். அந்த நீரில்தான் பொட்டாசியம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஆனால் பைகளுக்குள்ளேயும் பொட்டாசியம் இருக்கிறது, வெளியே இருப்பதைப் போலப் பல மடங்கு. வருகிற வழியில் பைகள் உடைந்துவிட்டால் உள்ளே இருந்ததும் நீரில் கலந்துவிடும். நீர் சிவக்கும். நன்றாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு, இதயம் இப்போதே நின்றுவிடும் என்பது போல ஓர் எண்ணை மெஷின் காட்டும். அதனால்தான் சிவந்த சாம்பிளை அளக்கக் கூடாது. திருப்பி அனுப்ப வேண்டும்.

திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலை ஒட்டிய மேசை. சுவரிலிருந்து நீண்டிருக்கும் காற்றுக்குழாயின் வாய் வழியாக டப்பாக்கள் வந்து கூடையில் விழும். திறந்து, ஒட்டியிருக்கும் பெயர் சரியா என்று பார்த்து, சுழற்றி, நிறம் பார்த்து, நன்றாக இருந்தால் உள்ளே தள்ள வேண்டும். கெட்டிருந்தால் வார்டுக்குப் போன் போட்டு, மறுபடி எடுக்கச் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. இன்னும் அவளுக்கு அங்கே பெயர் "புதுசு" தான்.

"சார், நாலாவது மாடிது இந்த வாரமும் மூணு நாளா சிவந்து வருது. காலையில நல்லா வர்றது மதியம் மட்டும் ஏன் இப்படி?" என்று அந்தப் புதன்கிழமையே கூடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்னு கேக்கறதுக்கு இங்க ஆள் எடுக்கலம்மா. நிறம் பாரு, ரிஜெக்ட் அடி, போன் போடு. மூணே வேலை. அப்புறம் அந்தப் படிவம்? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எனக்கு வேணும்."

படிவம் அவள் கைப்பையில் நான்கு நாளாக மடிந்து கிடந்தது. பயிற்சிக்காலம் வெள்ளியோடு முடிகிறது. கையெழுத்துப் போட்டால் இதே மேசையில் இன்னும் இரண்டு வருடம். நடுவில் விலக முடியாது. போடாவிட்டால் சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம். வேறு வேலை எதுவும் கையில் இல்லை. தினமும் காலையில் பஸ்ஸில் ஏறும்போது போட வேண்டாம் என்று நினைப்பாள். வீடு திரும்பி, அம்மா மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கும்போது போட்டுவிடலாம் என்று தோன்றும்.

அக்கா அதே ஆஸ்பத்திரியில், அதே நான்காவது மாடியில் நர்ஸ். சிறுநீரக வார்டு. இந்த வேலை காலியாக இருக்கிறது என்று வந்து சொன்னதும் அவள்தான். அன்று சாயங்காலம் கட்டிலில் குவிந்திருந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு துண்டை மூன்றாவது முறையாக உதறினாள்.

"இன்னிக்கும் என் சாம்பிள்தான் கிடைச்சுதா உனக்கு?"

"யாரோடதுன்னு பாத்தா ரிஜெக்ட் பண்றேன்? சிவப்பா இருந்துச்சுக்கா."

"எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. சாம்பிள் எடுக்கிற முறை சரியில்லையாம். திங்கக்கிழமைலேர்ந்து, இப்பதான் படிச்சுட்டு வந்த பொண்ணுங்களோட உக்காந்து ரப்பர் கையில குத்திப் பழகணுமாம். ஏழு வருஷமா குத்தறேன்டி. பொறந்த குழந்தைக்கே ஒரே குத்துல எடுத்திருக்கேன். ரப்பர் கை! குத்தினா ஐயோன்னு கூடச் சொல்லாது."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

"போன வருஷம் எங்க மாடிக்கு அந்தக் குழாய் வந்தப்புறம்தான் இதெல்லாம். அதுக்கு முன்னாடி ஆள் கையில குடுத்து விடுவோம், ஒரு பிரச்சனையும் இல்ல. உங்க சார்கிட்ட சொன்னேனே. காலையில நாப்பது சாம்பிள் அதே குழாய்லதானே வருது, அது ஏன் கெடலன்னு கேட்டு வாயடைச்சுட்டார்."

"நான் வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்க்கா."

அக்கா துண்டைக் கீழே வைத்தாள். "என் மெமோவுக்காகவா?"

"இல்ல. கண்ணு முன்னாடி ஒண்ணு தப்பா நடக்குது. ஏன்னு கேட்டா உனக்கெதுக்குங்கறாங்க. திட்டு வாங்கறது கூடப் பரவாயில்ல, பழகிடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா ஏன்னு கேக்காம இருக்கறதும் பழகிடும். அதான் பயமா இருக்கு."

அக்கா துண்டை மறுபடி எடுத்து மடித்தாள். "விடணும்னா விடு. வேலை இருக்குன்னு சொன்னவ நான்தாங்கறதுக்காக இருக்காதே. ஆனா ஒண்ணு. உன் இடத்துக்கு வர்றவ முதல் நாள்லேர்ந்தே கேக்க மாட்டா. நான் ரிட்டையர் ஆகற வரைக்கும் அந்த ரப்பர் கையோடதான் குடித்தனம் நடத்தணும்."

வியாழக்கிழமை உணவு இடைவேளையில் அவள் நான்கு மாடி ஏறிப் போய், வார்டின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"என்னடி இது?"

"எடு. ரெண்டு ட்யூப். ஒரே குத்துல ரெண்டும் வரணும். ஒண்ணைக் குழாய்ல அனுப்பு. இன்னொண்ண நான் கையில எடுத்துட்டுப் போறேன்."

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"என் ரத்தம், என் இஷ்டம்."

அக்கா பட்டையை இறுக்கிக் கட்டினாள். விரல் நுனியால் முழங்கை மடிப்பைத் தொட்டுத் தேடினாள். "முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கோ. ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவதானே நீ." ஊசி இறங்கியதே தெரியவில்லை. எவ்வளவு லேசான கை என்று அவள் நினைத்தாள். ஆறு மாதமாக இந்தக் கையைத்தான் போனில் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு ட்யூபை உள்ளங்கையில் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கூடையருகே வருவதற்குள் இன்னொன்று வந்து விழுந்திருந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சுழற்றினாள். பத்து நிமிடம். கையில் வந்தது வைக்கோல் நிறம். குழாயில் வந்தது மாதுளை.

போனை எடுத்தாள். "அக்கா, உன் கையில தப்பே இல்ல."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. பின்னால் வார்டின் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லு."

பொறுப்பாளரிடம் இரண்டு ட்யூப்களையும் காட்டினாள். அவர் வாங்கி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "குழாய்தான் காரணம்னா காலையில வர்ற நாப்பது? அதே குழாய்தானே?" என்று திருப்பிக் கொடுத்தார். பேச்சை முடிப்பதற்காக அவர் சொன்னது அது. அவளுக்கோ நல்ல கேள்வியாகப் பட்டது.

குழாய்களைப் பராமரிப்பவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் குழாய்க்காரர். பின்கட்டு அறையில், ஒரு பெரிய ஊதுகுழல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீடு பெருக்கும் வேக்குவம் மெஷின் தூசியை இழுப்பது போல, அது காற்றை உறிஞ்சி டப்பாவை இழுக்கும். திசையை மாற்றினால் பின்னாலிருந்து தள்ளும். டப்பாவின் இரண்டு முனைகளிலும் உள்ள வளையங்கள் குழாயின் சுவரை அடைத்துக்கொள்வதால் காற்றுக்குத் தப்ப வழியில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வளைவுகளில் உதறும். கடைசியில் கூடையில் மோதி நிற்கும்.

"அண்ணே, காலையில வேகம் கம்மியா வெப்பீங்களா?"

"குழாய்க்குக் காலை எது, மதியம் எதுன்னு தெரியாதும்மா. எப்பவும் ஒரே வேகம். மதியம் ஓடினா என்ன, சம்பளம் கூடவா போடறாங்க அதுக்கு, வேகமா ஓட?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. படிவத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். விலகுவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தது. சுவரில் காற்று சீறும் சத்தம் எழுந்தது. தொம் என்று டப்பா கூடையில் விழுந்தது. நிமிராமலே கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

தொம். அவ்வளவுதான். பிற்பகல் டப்பா அப்படி விழாது. அது விழும்போது கூடவே ஒரு சத்தம் வரும், குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி. ஆறு மாதமாக அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டும் அதை ஒரு சத்தமாக நினைத்ததில்லை.

டப்பாவைத் திறந்தாள். நாற்பது ட்யூப்கள், தீப்பெட்டிக்குள் குச்சிகள் போல ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. விரலை நுழைக்க இடமில்லை. மதியம் நான்காவது மாடியிலிருந்து வருவது அவசர சாம்பிள், ஒன்றே ஒன்று. மற்ற மாடிகளிலிருந்து அப்படித் தனியாக வருவது அபூர்வம். தண்ணீர் சொம்பு அளவுள்ள டப்பாவுக்குள் ஒற்றை ட்யூப். நான்கு மாடி, ஆறு வளைவு, கடைசியில் ஒரு மோதல். அவ்வளவு தூரமும் அது சுவருக்குச் சுவர் அடிபட்டுக்கொண்டே வருகிறது.

பின்கட்டுக்குப் போன் போட்டாள். "அண்ணே, டப்பா வாங்கும்போது உள்ள வெக்கறதுக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"ஸ்பாஞ்சு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டப்பாவுல ரத்தம் கொட்டி ஸ்பாஞ்சு ஊறி, ஒரே நாத்தம். எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர். எடுத்துட்டேன். மூட்டையா கட்டி வெச்சிருக்கேன்."

"அப்புறம் யாரும் திரும்ப வெக்கச் சொல்லலையா?"

"எடுக்கச் சொல்லித்தான்மா எழுதியிருந்துச்சு. திரும்ப எப்ப வெக்கறதுன்னு அதுல இல்ல."

அவள் ஒரு ஸ்பாஞ்சை வாங்கி, சாம்பிள் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் காற்றில்லாமல் அடைத்து ஒட்டினாள். இனி ரத்தம் கொட்டினாலும் துடைத்துவிடலாம். மதியம் மேலே ஓடிப் போய் அக்காவிடம் கொடுத்து, எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு இறங்கினாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் காற்று சீறியது. மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொம்.

சுழற்றி எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். மேலே நின்ற நீர் வைக்கோல் நிறத்தில், அதன் வழியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக் கோட்டுக்கு மேலே, "பணியாளர் கூற விரும்புவது" என்று மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். அங்கே யாரும் எதுவும் எழுதுவதில்லை. அவள் எழுதினாள். நாலரை மணிக்குப் பொறுப்பாளர் முன்னால் படிவத்தையும், அதன்மேல் அந்த ட்யூபையும் வைத்தாள்.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "கையெழுத்து எங்கம்மா?"

"முதல்ல அதப் படிங்க சார். உனக்கெதுக்குன்னு சொன்னீங்கன்னா நாளைலேர்ந்து நான் வரல. எல்லா மாடிக்கும் இதையே அனுப்பலாம்னு சொன்னீங்கன்னா இங்கயே போட்டுத் தர்றேன்."

பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ட்யூபை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

"டப்பாவில் ஒன்றிரண்டு ட்யூப் மட்டும் அனுப்பும்போது, மிச்ச இடத்தை பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பாஞ்சால் நிரப்பவும். மூடியதும் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்க்கவும். சத்தம் வரக் கூடாது."