நாத்தனாரைப் பற்றி விசாரித்தார்கள்

"ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஆளுங்க மேல கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன், மேடம்."

"உங்க நாத்தனாரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அவளையும் சேர்த்துத்தான், மேடம்."

"இது நமக்குள்ளேயே இருக்கட்டும். இப்படி ஒரு பேச்சு இருக்குன்னு தெரிஞ்சாலே, போக நினைக்காதவங்களுக்கும் போகணும்னு தோணிடும்."

நர்சிங் சூப்பிரண்டுக்கும் அவளுக்கும் இந்தப் பேச்சு நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அன்று அவளுடைய ராஜினாமா கடிதம் இருவருக்கும் நடுவே மேஜைமேல் இருந்தது. பதினான்கு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் நர்சாக இருந்தவள், இனி மருத்துவமனைகளுக்கு நர்சுகளைத் தேடிக் கொடுக்கும் நிறுவனம் நடத்தப் போகிறாள். முதல் வாடிக்கையாளராக அந்த மருத்துவமனையே வர ஒப்புக்கொண்டது. அதற்குத்தான், அங்கே வேலை பார்க்கும் யாரையும் அவள் இழுத்துக்கொள்ளக் கூடாது என்ற இந்த நிபந்தனை. எழுத்தில் எதுவும் இல்லை.

நிறுவனம் தொடங்கும் யோசனையே நாத்தனாருடையது என்பதை அவள் அப்போது சொல்லவில்லை.

நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அதே வார்டில் அவளோடு ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். வார்டுக்குள் 'சிஸ்டர்' என்பாள். கேட்டைத் தாண்டியதும் 'அண்ணி' ஆகிவிடும். லினன் அறையில் மட்டும் இரண்டும் கலந்து வரும். அங்கே ஒரு மதியம் படுக்கை விரிப்பின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "பதினாலு கட்டிலுக்கு ஒரு ஆள். நர்சே கிடைக்கலைன்னு இவங்க புலம்புறாங்க. வேலையே கிடைக்கலைன்னு நர்சுங்க அந்தப் பக்கம் புலம்புறாங்க. உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆள் தெரியும். பேசாம நீங்களே சேர்த்து வைங்க அண்ணி."

வேலை கேட்டு வருகிறவரைப் பற்றி, அவரோடு முன்பு வேலை பார்த்தவரிடம் விசாரிக்க வேண்டிய எட்டுக் கேள்விகளையும் அவள்தான் எழுதினாள், ஒரு டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில். ஏழு கேள்விகள் எல்லோரும் கேட்பவை. எட்டாவது இப்படி இருந்தது: 'உங்கள் வீட்டு ஆள் இந்தக் கட்டிலில் படுத்திருந்தால், இவரை டியூட்டியில் விட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவீர்களா?'

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அந்தக் கேள்வியை வைத்துத்தான் தொழில் நடந்தது. ஏழு கேள்விக்கும் 'நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எட்டாவதில் தொண்டையைக் கனைப்பார்கள். அந்தக் கனைப்பை அவள் நம்பினாள். பழக்கதோஷத்தில், வேலை கேட்டு வருபவர்களின் முகத்தைப் பார்க்கும் முன் புறங்கையில் நரம்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். பதினொரு மருத்துவமனைகள் சேர்ந்தன. அலுவலகத்துக்கு மூன்று பேரை வேலைக்கு வைத்தாள். மூவரும் வெளியிலிருந்து வந்த முன்னாள் நர்சுகள்.

ஆள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் நாத்தனார் வீட்டு மாடிப் போர்ஷனிலிருந்து இறங்கி வருவாள்.

"புதுசா யாரோ சேர்ந்திருக்காங்களாமே?"

"ஆமா."

"நல்லா வேலை செய்றாங்களா?"

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னா சரி."

அவ்வளவுதான். கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டிரிப் ஸ்டாண்டு மாதிரி நிக்கிறேன். யாராவது ஒருத்தர் பேசித் தொலைங்களேன்," என்பார். இருவரும் அவரைத்தான் முறைப்பார்கள்.

திங்கட்கிழமை முற்பகலில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஒரு விண்ணப்பத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, சில கேள்விகள் கேட்கலாமா என்றாள். விண்ணப்பித்தவர் யார் என்று சொன்னதும், அவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நேரத்துக்கு வருவாங்களா, மேடம்?"

"பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பா."

"மருந்து கொடுக்கிறதுல தப்பு ஏதாவது?"

"ஒரு தடவை. அவளே போய்ச் சொன்னா. சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"இப்ப இருக்கிற இடத்தை விட்டுட்டு ஏன் போறாங்கன்னு தெரியுமா?"

இங்கே கொஞ்சம் இழுத்துப் பேசியிருந்தால் போதும். விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகாது, நாத்தனார் மாடியிலேயே இருப்பாள். எப்படி இழுத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் மற்றவர்கள் இழுப்பதைக் கேட்கிறவள்.

"எதிர்பார்த்த இடத்துல கூப்பிடலை. அதான் போறா. வேலையில குறை கிடையாது."

"அவ்வளவுதான் மேடம். நன்றி."

"ஒண்ணு விட்டுட்டீங்க."

"எது மேடம்?"

"தூங்குவேன்னு எழுதிக்குங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவள் எட்டாவது கேள்வியைச் சொன்னாள். மறுமுனையில் கீபோர்டு சத்தம் கேட்டது. "நல்லா இருக்கே. இதை நாங்களும் சேர்த்துக்கலாமா?"

"கேட்டுச் சொல்றேன். அது என்னோடது இல்லை."

சாயங்காலம் மாடிக்குப் போனபோது நாத்தனார் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் வந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

"அதுக்குத்தான் உங்க பேரைப் போட்டேன். வேற யாரைப் போட்டாலும் என்னைத் தேவதைன்னு சொல்லியிருப்பாங்க. அதை எவன் நம்புவான்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்? மூணு பேரைச் சேர்த்தீங்க. இப்ப கேப்பாங்க, அடுத்த தடவை கேப்பாங்கன்னு நானும் பார்த்தேன். சரி, அண்ணிக்கு நாம வீட்டோட போதும்போலன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவள் சூப்பிரண்டுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னாள். நாத்தனார் யூனிபாரத்தின் ஒரு கையை முழுதாகத் தேய்த்து முடித்து, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இதையா அஞ்சு வருஷமா வயித்துக்குள்ள வெச்சிருந்தீங்க? நானே வேலையை விட்டுட்டு வந்தா?"

"அப்பவும் நான் இழுத்துட்டு வந்த மாதிரிதான். வாக்குக் கொடுத்தது நானாச்சே."

"அப்போ வாங்கினவங்ககிட்டயே போய்க் கேளுங்க."

"என்னத்தை?"

"என்னைத்தான்."

"முடியாதுன்னுட்டா? நீயும் கிடைக்க மாட்டே, அந்த ஆஸ்பத்திரியும் போயிடும்."

"போனாலும் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்கன்னு தெரிஞ்சாப் போதும் அண்ணி. கிடைக்கிறது அப்புறம்."

வியாழக்கிழமை காலை அவள் புடவை மடிப்பைச் சரிசெய்வதைக் கணவர் வாசலில் நின்று பார்த்தார். "என் தங்கச்சியைப் பொண்ணு கேக்க நீ கிளம்புற. நான் கூட வரணுமா?"

"வேண்டாம். நீங்க பொண்ணு வீடு."

சூப்பிரண்டின் அறையில் அதே மேஜை. அடுத்த மாத டியூட்டி அட்டவணை விரித்திருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் நாத்தனாரின் வரிசை எது என்று அவளுக்குத் தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கேட்டிருந்த நான்கு பேரைப் பற்றி ஆரம்பித்தாள். இரண்டு பேர் அடுத்த வாரமே சேரலாம் என்றாள். மற்ற இருவரின் சான்றிதழ்கள் வர வேண்டும் என்றாள். சூப்பிரண்டின் புறங்கையில் நரம்புகள் முன்னைவிடப் புடைத்திருந்தன.

"இதையெல்லாம் நீங்க போன்லயே சொல்லுவீங்க," என்றார் சூப்பிரண்டு, பென்சிலைக் கீழே வைக்காமல். "எதுக்கு வந்தீங்க?"

"அன்னிக்கு உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன், மேடம்."

"காப்பாத்திட்டுத்தானே இருக்கீங்க?"

"ஆமா, மேடம். இன்னிவரைக்கும்."

பென்சில் நின்றது.

"என் நாத்தனாரை எனக்குக் கொடுங்க."