சமயம் கலவாத விளக்கு

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தமிழர் சங்கத்தின் அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைவர் சிறீஸ்கந்தராசா ஒரேயொரு கட்டுப்பாடுதான் விதித்தார். சமயம் வாசலோடு நின்றுவிட வேண்டும். வன்னியில் போர் முடிந்த சூடு இன்னும் ஆறவில்லை. இந்த நேரத்தில் சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்று பிரிந்து நின்றால் டெனிஷ்காரன் என்ன நினைப்பான் என்பது அவருடைய பெருங்கவலை.

கட்டுப்பாடு வேதக்காரியான மரியம்மாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது, மண்டபத்து மேசையைப் பார்க்கும்வரை. நடுவில் குத்துவிளக்கு, பொட்டும் வைத்துப் பூவும் சுற்றி நின்றது. அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். தலைவர் பாய்ந்து வந்தார்.

"தங்கச்சி, சமயம் வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?"

அவருக்கு ஊரிலுள்ள பெண்களெல்லாம் தங்கச்சிதான்.

"அப்ப இந்தக் குத்துவிளக்கு, அண்ணை?"

"அது பண்பாடு."

"மெழுகுதிரி?"

"அது சமயம்."

இவ்வளவு தெளிவான மனிதரோடு மேற்கொண்டு என்ன கதைப்பது?

மரியம்மா மட்டக்களப்புக்காரி. தம்பி அந்தோனிதாசன் வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே தங்கியவன். பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்து செத்தான் என்று, தப்பி வந்த ஒருவர் போனில் சொன்னார். உடலும் இல்லை, பெட்டியும் இல்லை, பூசையும் இல்லை. நாலு பேர் கூடியிருக்க அவன் பேரைச் சொல்லி ஒரு செபம் சொன்னால் அதுதான் அவனுக்கு அடக்கம். வீட்டில் தனியாக மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தாள், மனம் ஆறவில்லை.

மெழுகுதிரியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டெனிஷ் கிழவிகள் கண்ணை மூடும்போதெல்லாம் அவர்கள் வழக்கப்படி யன்னலைத் திறந்துவிட்டு மெழுகுதிரி கொளுத்துகிறவள் அவள்தான். சொந்தத் தம்பிக்குக் கொளுத்தத்தான் அனுமதியில்லை.

நகரசபையிலிருந்து வந்த விருந்தினர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவர் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, மண்டபம் இருந்த பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் பென்ட் ஓடி வந்தான். அது பிள்ளைகள் பந்தடிக்கும் மண்டபம். பளபளவென்று மெருகிட்ட பலகைத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் நாளைக்குப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள், விளக்கை எடுங்கள் என்றான். தலைவர் டெனிஷில் பண்பாடு, தொன்மை என்று தொடங்கினார். பென்ட் மசியவில்லை.

"மெழுகுதிரி கொளுத்துங்களேன், அதை யார் வேண்டாமென்றது?" என்றான். டென்மார்க்கில் காலைச் சாப்பாட்டு மேசையிலும் மெழுகுதிரி எரியும். அதில் சமயம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

தலைவர் மரியம்மாவிடம் வந்தார். குரலில் தேன் வடிந்தது.

"தங்கச்சி, உந்த மெழுகுதிரியை ஒருக்காத் தாங்கோ. விருந்தினர் கொளுத்தட்டும். யோசிச்சுப் பார்த்தா மெழுகுதிரியும் ஒரு வகையில பண்பாடுதான்."

மரியம்மாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இல்லை அண்ணை, இது சமயம்தான். என்ட தம்பிக்குச் செபம் சொல்லக் கொண்டுவந்தது. செபமெண்டு சொல்லிக் கொளுத்த விடுறதெண்டா நான் கொளுத்துறன். இல்லாட்டி இது பைக்குள்ளயே கிடக்கட்டும்."

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விருந்தினர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தலைவர் தலையாட்டினார்.

மரியம்மா கொளுத்தினாள். சிலுவை அடையாளம் போட்டாள். "அந்தோனிதாசன்" என்று உரக்கச் சொன்னாள். அதற்குமேல் செபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மண்டபம் எழுந்து நின்றது.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, ஏற்றாத குத்துவிளக்கைக் கையில் ஏந்தியபடி தலைவர் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணை, உங்களுக்கும் ஆரும்...?"

"என்ட சொந்தத் தங்கச்சி ஒருத்தி. முள்ளிவாய்க்கால்ல. ஒரு தகவலுமில்லை. உயிரோட இருக்கிறாளெண்டுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்."

"பேரைச் சொல்லுங்கோ அண்ணை."

"செல்வமலர்" என்றார். பிறகு கண்ணை மூடினார். சமயத்தை வாசலோடு நிறுத்திய மனிதரின் வாயிலிருந்து, ஒருவரும் கேட்காமலே, தேவாரம் எழும்பியது. சுருதி சேரவில்லை, நடுவில் குரல் உடைந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை.

பாடி முடிய மரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமென்" என்றாள்.