குழாய்க்குள் போன குளிர்காலம்

1997-ஆம் ஆண்டின் குளிர்காலம் கார்வி ஊருக்கு வரவில்லை. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அது ரேவின் டல்லக்கின் கொட்டகை வாசலில் சாய்த்து வைத்திருந்த நான்கு சதுர இரும்புக் குழாய்களுக்குள் புகுந்துகொண்டது. அவள் அதைக் கவனிக்காமல் தக்கையைப் போட்டு அடைத்துவிட்டாள். அதே வாரம் கம்பளி விலை இறங்கியது, தபால் நிலையத்துக்குப் புதுக் கதவு போட்டார்கள். நியூசிலாந்தின் தென்கோடியில், அதற்குத் தெற்கே பனிக்கண்டம்தான் என்ற இடத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. ஜூன் முதல் தேதி குளிர் வந்தாக வேண்டும். வராதபோது முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

ரேவின் ஆறடி மூன்றங்குலம். இறைச்சி ஆலையின் குளிர் அறையில் இருபத்தாறு வருடமாக ஆடுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவள். உலகத்தில் செய்யப்பட்ட எல்லாக் கார்களும் வேறு யாருக்கோ அளவெடுத்தவை. எதில் உட்கார்ந்தாலும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், கழுத்து வளைந்து கூரையைத் தாங்கும். அதனால் தன் காலுக்குத் தானே ஒரு கார் கட்டுவது என்று முடிவு செய்தாள். ஓரங்குலச் சதுரக் குழாயில் அடிச்சட்டம், மேலே கூரை இல்லாத இரண்டு இருக்கை. கால் நீட்டும் இடத்தில் நான்கு குழாய்கள் மட்டும் ஒரு டீ சாஸர் அகலத்துக்குள் சட்டென்று திரும்ப வேண்டும். அங்கேதான் வந்தது வினை. உருண்டைக் குழாய் சொன்னபடி வளையும். சதுரக் குழாய்க்கு வீம்பு அதிகம். உள்பக்கம் சுருங்கி மடியும், வெளிப்பக்கம் குழிந்துபோகும். முதல் வருடம் மணலை இடித்து நிரப்பி, சிவக்கக் காய்ச்சி வளைத்தாள், சுருங்கியது. கார்களுக்குச் சான்று கொடுக்கும் நெவில் ஹெய்க் இன்வர்கார்கில் நகரத்திலிருந்து வந்து, மடிப்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுவருடம் முக்கோணமாக வெட்டி மடக்கிப் பற்றவைத்தாள். அதற்கும் அவர் ஒப்பவில்லை.

"எங்கயாவது மோதினா இந்த ஒட்டு விட்டுக்கும். அப்புறம் அது உங்க முழங்காலா, ஆட்டுத் தொடையான்னு தெரியாது," என்றார் ஹெய்க். "ஒரே துண்டா வளைச்சுக் காட்டுங்க, ரேவின். சுருக்கம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

குளிர் அறையில் வேலை செய்பவளுக்குத்தான் அடுத்த யோசனை வரும். குழாயின் ஒரு முனையைப் பற்றவைத்து மூடினாள். சோப்புத் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் தக்கையைச் செருகி, தொங்கும் ஆடுகளுக்குப் பின்னால் மூன்று நாள் ஒளித்து வைத்தாள். உள்ளே கல்லாய் உறைந்த தண்ணீர், குழாயின் சுவரை மடியவிடாமல் தாங்கியது. பழைய டிராக்டர் சக்கரக் குடத்தில் வைத்து, எட்டடி நெம்புகோலால் இழுத்தபோது நான்கும் வெண்ணெயில் செய்ததுபோல வளைந்தன. ஐஸ் உருகி வெளியேறட்டும் என்று தக்கைகளைப் பிடுங்கிக் கொட்டகை வாசலில் வைத்தாள். ஆனால் எங்கள் ஆலையில் குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார்கள். திறந்திருப்பது எதுவானாலும் கை தானாகப் போய் மூடும். அந்த வழியாகப் போன ரேவின், நான்கு வாய்கள் திறந்திருப்பதைப் பார்த்தாள், தக்கைகளை அழுத்தி மூடினாள். அந்த இடைவெளியில்தான் குளிர்காலம் உள்ளே போயிருந்தது.

ஜூனில் ரோஜா பூத்தது. ஜூலையில் ரக்பி ஆடியவர்கள் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்கள். டல்லக் கொட்டகையின் கூரையில் மட்டும் முழ உயரத்துக்குப் பனி நின்றது. உறைபனி விழாததால் வயல்களில் ஆட்டுத் தீனிக்குப் போட்ட டர்னிப் கிழங்கு இனிக்கவில்லை, தண்டு விட்டுப் பூக்கத் தொடங்கியது. பூத்த கிழங்கு விறகுதான், ஆடு திரும்பிப் பார்க்காது. டக்கி ரென்ட்டனின் தொள்ளாயிரம் பெட்டை ஆடுகள் வயிற்றில் குட்டியோடு வேலிக்குப் பக்கத்தில் பசியோடு நின்றன. டக்கி நேராகக் கொட்டகைக்கு வந்தார். குழாய்கள் அதற்குள் சட்டத்தில் ஏறி, இன்ஜின் உட்கார்ந்து, கார் கார்மாதிரியே நின்றது.

"ரேவின், உன் கூரைல பனி, என் வயல்ல பூ. இது நல்லாவா இருக்கு?"

"நீ பேசாத டக்கி. போன வருஷம் குளிரு தாங்கலன்னு பப்புல உக்காந்து மூக்கைச் சிந்தினது யாரு?"

"தக்கையைப் புடுங்கு."

"புடுங்கிப் பாத்தேன். மேசை விரிப்பு அளவுக்குப் பனி விழுந்துச்சு, குழாய் நிமிர ஆரம்பிச்சிருச்சு. உள்ள இருக்கிறதுதான் வளைவைப் புடிச்சிருக்கு."

"நிமிர்ந்தா நிமிரட்டுமே!"

"அஞ்சரை அடி ஆளு, நீ சொல்லுவ. இத்தனை வருஷமும் முழங்காலைக் காதுல வெச்சு ஓட்டிட்டேன். சாகறதுக்குள்ள காலை நீட்டி ஓட்டணும். வேற எதுவும் நான் யார்கிட்டயும் கேக்கல."

டக்கிக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் ஆடுகளுக்குப் புரியாது. சனிக்கிழமை பத்து மணிக்கு ரம்பத்தோடு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பாதிப்பேர் அவர் பக்கம் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன். ரேவின் ஹெய்க்குக்குப் போன் செய்து சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னாள்.

ஹெய்க் வந்தார். வளைவுகளில் விரலை ஓட்டினார், விரல் ஒட்டிக்கொண்டது, வெந்நீர் ஊற்றி எடுத்தார்கள். சுருக்கமே இல்லை. உள்ளே என்ன என்று கேட்டார். குளிர்காலம் என்றாள் ரேவின். விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார், பருவகாலங்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் எடை எழுதியாக வேண்டும் என்று காரைத் தராசில் ஏற்றினார். கணக்கைவிடப் பதினோரு கிலோ கூடுதலாக இருந்தது. குளிர்காலத்தின் எடை அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. சாலையில் ஓட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி இருந்தபோது வாசலில் ரம்பத்தோடு பதினேழு பேர் நின்றார்கள்.

"ஓட்டிட்டு வந்துடறேன், அப்புறம் அறுத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஏறினாள் ரேவின். ஹெய்க் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கரடுமுரடான சரளைச் சாலையில் சட்டம் குலுங்கக் குலுங்க, தக்கை ஓரமாகக் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. கார் போன வழியெல்லாம் வேலிக் கம்பி வெளுத்தது, குட்டைகள் முறுக்கென்று உறைந்தன. டக்கியின் முன்வயல் மூன்றாவது வேலி வரைக்கும் உப்புத் தூவியதுபோல ஆயிற்று. பதினான்கு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்குத் திரும்பினாள். வண்டியை நிறுத்தியும் ரேவின் இறங்கவில்லை. கால் இரண்டையும் முழுசாக நீட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நெவில், என் காலு எவ்ளோ நீளம் பாருங்க," என்றாள்.

ஹெய்க் பல் தந்தியடிக்கக் கையெழுத்துப் போட்டார். டக்கி ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "ரேவின், பின்னாடி நாப்பது ஏக்கர் இருக்கே, அந்தப் பக்கம் வண்டி வருமா?" என்று கேட்டார்.

"கேட்டைத் திறந்து வெச்சா வரும். ஆனா உடனே மூடிடணும்."

அன்றிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு மே கடைசியிலும் தக்கைகளைத் திறந்து வைப்பாள், பழையது போவதற்குள் புதியது வந்துவிடும். எந்தச் சாலைக்கு எந்தக் கிழமை என்று தபால் நிலையத்தில் தாள் ஒட்டியிருக்கும். வேகமாகப் போனால் உறைபனி, மெதுவாகப் போனால் பனிப்பொழிவு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே மிகவும் மெதுவாகப் போவாள். ஒரு வருடம் மணிக்கட்டு முறிந்து படுத்தபோது குளிர்காலம் ஒன்பது நாள் தாமதமாயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை, சீஸ் ரோலும் சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்த வருடம் எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டோம்.