எண்ணெய் வைத்த வில்

சரஸ்வதி பூஜையன்று மதியம், ஃபேரர் பார்க் கடைவீட்டின் மாடியில் இருந்த பட்டறையில், வைஷாலி தான் செய்த புதிய வயலின் வில்லைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். எடுத்த கணமே அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. வில்லில் பூட்டியிருந்த வெண்ணிறக் குதிரை முடி முழுவதும் தேங்காய் எண்ணெயில் ஊறிப் பளபளத்துக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"அத்தை!"

குவீன்ஸ்டவுனிலிருந்து ஆண்டுதோறும் பூஜைக்கு வரும் கமலம் அத்தை, சுண்டல் கிண்ணத்துடன் நிதானமாக வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா கத்துறே?"

"இதுல யாரு எண்ணெய் வெச்சது?"

"நான்தான். உளி, அரமெல்லாம் துடைச்சு எண்ணெய் போடுங்கன்னு உங்கண்ணன் சொன்னான். இதுவும் பக்கத்துல இருந்துச்சு. முடி அப்படியே வறண்டு கெடந்துச்சும்மா. குதிரை முடின்னாலும் முடி முடிதானே?"

எண்ணெய் பட்ட முடி தந்தியைப் பற்றாது, வழுக்கிக்கொண்டே போகும், ஒலி எழாது என்று விளக்க வைஷாலி வாயெடுத்தாள். அதற்குள் அத்தை அவள் கையில் சுண்டலைத் திணித்துவிட்டார்.

அன்று மாலை கோயில் கச்சேரியில், வயலின் வாசிக்கும் கவிப்ரியா இந்த வில்லைக் கொண்டுதான் வாசிப்பதாக இருந்தது. அவளுடைய பழைய வில்லோ, "புதுசுதான் வருதுல்ல" என்ற தாயாரின் கட்டளைப்படி அவள் வீட்டுப் பூஜையில் அமர்ந்துவிட்டது. கார்பன் இழையில் தண்டு வார்த்து, அதன் எடையைச் சீராக்கி வைஷாலி இரண்டு வருடம் உழைத்திருந்தாள். இன்று இது பேசாமல் போனால், "இதெல்லாம் நம்ம சங்கீதத்துக்குச் சரிப்படாது" என்று ஊரே தள்ளிவிடும். அந்த வரிசையில் முதலில் நிற்பவன் அவளுடைய அண்ணன் ரமணனாகத்தான் இருப்பான்.

தகப்பனார் செய்த முறையிலேயே மரவில் செய்பவன் ரமணன். முடியின் இரு முனைகளையும் பட்டு நூலால் முடிச்சிட்டு, தண்டிலுள்ள குழியில் இறக்கி, உளியால் சீவிய மர ஆப்பை வைத்து அடைப்பான். வைஷாலியின் வில்லில் ஆப்பு கிடையாது. விரலால் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிறு மூடிதான். முனைகளையும் அவள் பசையால்தான் ஒட்டுவாள்.

"அண்ணே, முடி மாத்தணும். உளி வேணும், சின்ன அரம் வேணும்."

ரமணன் பூஜை மேடையைக் கை காட்டினான். கருவிகள் அனைத்தும் பட்டுத்துணியின் மேல் பொட்டு வைத்துக்கொண்டு உறங்கின. "நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். அப்பா இருந்தவரைக்கும் தொட்டிருக்கோமா?"

"எமர்ஜென்சி லா!"

"ஒன்னோட வில்லுக்குத்தான் டூல்ஸே தேவையில்லையே? சாப்பாட்டு டப்பா மாதிரி மூடிடலாம்னு எல்லார்கிட்டயும் சொன்னியே?"

வைஷாலி பல்லைக் கடித்தாள். சொன்னது உண்மைதான். ஆனால் பசை இறுக ஓர் இரவு வேண்டும்; இன்றே முடிக்க அண்ணனைப் போல முடிச்சும் ஆப்பும் வைத்தாக வேண்டும், அதற்குத்தான் உளி.

"அப்ப நீங்க முடிச்சுப் போட்டுக் குடுங்க. கை பூஜையில இல்லையே?"

ரமணன் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். மறுக்க ஒரு காரணம் தேடியிருக்க வேண்டும், கிடைக்கவில்லை. அலமாரியிலிருந்து புதிய முடிக்கற்றையை எடுத்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நயமாக ஒரு முடிச்சிட்டான். எண்ணெய் முடியை வைஷாலி கழற்றியிருந்த வில்லின் குழிக்குள் அது இறங்கியது, மூடிதான் மூடவில்லை.

"முடிச்சு குண்டா இருக்குண்ணே."

"மூடி ஒல்லியா இருக்கு. அரத்தால தேய்ச்சுக்கோ." அவன் மேடையைப் பார்த்துச் சிரித்தான். "ஓ, சாரி லா."

"சிரிக்காதீங்க! கவி கீழே வந்துட்டா. கற்றையை ரெண்டா பிரிச்சு, சின்னதா ரெண்டு முடிச்சுப் போடுங்க. பக்கத்துல பக்கத்துல படுத்துக்கும்."

"ரெண்டா? நம்ம வீட்டுல எப்பவும் ஒத்தை முடிச்சுதான்."

"நம்ம வீட்டுல எப்பவும் வில்லுக்கு எண்ணெய் வெப்போமா?"

சமையலறையில் அத்தை முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே ரமணனும் இரு முனைகளிலும் இரட்டை முடிச்சுகளை இட்டான். மிச்ச நூலை நகவெட்டியால் வெட்டினான். கற்றையை வைஷாலி தன் சொந்தச் சீப்பால் வாரிப் பரப்பி, குழிகளில் படுக்கவைத்து, மூடிகளை அழுத்தினாள். டிக். மீண்டும் டிக்.

"டப்பா மூடுது," என்றான் ரமணன், ஏதோ தோற்றவனைப் போல.

மேலே வந்த கவிப்ரியா, முடி தந்தியைப் பிடிப்பதற்கான பிசின் கட்டியைப் பையிலிருந்து எடுத்துப் புது முடியில் நெடுநேரம் தேய்த்துவிட்டு, தரையில் அமர்ந்து தன் வயலினில் வில்லை நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். ஷட்ஜம் அறை முழுவதும் நின்றது. இன்னொரு முறை, இம்முறை வேகமாக வாசித்துப் பார்த்தாள்.

"முடி ரிப்பன் மாதிரி தட்டையா உக்காருது. ரெண்டு முடிச்சா? யாரோட ஐடியா?"

"அண்ணனோட முடிச்சு," என்றாள் வைஷாலி.

"அவளோட மூடி," என்றான் ரமணன். சொன்னதற்காக உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அடுத்த வில்லும் இப்படியே செய்ங்க, ப்ளீஸ். நான் கெளம்புறேன்."

ஆனால் அத்தை பெருமிதத்துடன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, எப்படிப் பாடுது! எல்லாம் நான் எண்ணெய் வெச்ச ராசி."

அவர் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

"கவி," என்றாள் வைஷாலி, "பெட்டியை மூடு. சீக்கிரம்!"