பெண் வீட்டார் சொன்ன புத்தகங்கள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனால், பஜ்ஜிக்கு முன்னால் புத்தகம் வரும். தட்டில்தான் வரும். வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. சில வீட்டில் காபி, சில வீட்டில் மோர், இந்த வீட்டில் புத்தகம். அவ்வளவுதான்.

சென்னியப்பன் அம்மாவையும் தரகர் ஆறுச்சாமியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான். நாற்பதைத் தொடப்போகிறவன். கொஞ்சம் தென்னந்தோப்பு, ஒரு ஜோடி எருமை, தங்கமான குணம். இந்த மூன்றில் ஒன்றுகூட இன்றைக்குக் கல்யாணச் சந்தையில் போணியாகாது. அவன் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா வீட்டிலும் கேசரியைக் கொடுப்பார்கள், "சொல்லி அனுப்பறோமுங்க" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. இந்த மனுஷன் அதை நம்பி, போனை சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளித்தவன். அப்படி ஒரு வெள்ளந்தி!

ஆறுச்சாமி கைவசம் இருந்த வீடுகளில் இதுதான் கடைசி. பெண்ணின் பெயர் கோகிலவாணி. "புள்ள நெம்பப் படிக்குமுங்க" என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து சென்னியப்பனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தை விட்டபின் அவன் உர மூட்டையில் அச்சடித்திருப்பதைத் தவிர எதையும் படித்தவனில்லை. அந்தப் பெண் நாலு வார்த்தை கேட்டால், எடுத்துக் கொடுக்க உள்ளே என்ன இருக்கிறது? வண்டியில் வருகிற வழியெல்லாம் அவன் உள்ளே தேடிக்கொண்டே வந்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"ராகு காலம் வர்றதுக்குள்ள புள்ளயப் பாத்துரோணும் கண்ணு," என்றாள் அம்மா.

ராகு காலம் அவர்களுக்கு முன்பே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் உள்ளே வரும். அந்த வீட்டின் மேல் அதற்கு அவ்வளவு மரியாதை.

கூடத்தின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. கிணற்றுக்குள் பெண்ணின் பெரிய மாமன் பொன்னுச்சாமி நின்றிருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது.

"வாங்க மாப்ள. தோட்டம் எத்தனை ஏக்கரான்னு கேக்கமாட்டோம், பயப்படாதீங்க. கெணறு வெட்டறதப் பத்தி ஒரு புத்தகம் இருக்குது. படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங் மாமா."

"படிச்சுப் பாருங்க. கடைசியில தண்ணி வருது."

"கண்டிப்பாப் படிக்கறனுங்க."

இதை நாம் எல்லோரும் சொல்கிறோம். ஒருத்தர் ஆசையாக ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால், கண்டிப்பாகப் படிக்கிறேன் என்போம். சொன்னவருக்கும் மனசு குளிர்ந்தது, நாமும் தப்பித்தோம். 'சொல்லி அனுப்பறோம்' என்பதும் 'கண்டிப்பாகப் படிக்கிறேன்' என்பதும் ஒரே தொழுவத்து மாடு. ஆனால் அந்த வீட்டில் சொன்னால் சொன்னதுதான். மாமன் கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்து அவன் மடியில் வைத்தார். பிறகு வீட்டில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"இப்பவேங்களா?"

"பின்ன எப்பங்க?"

ஆறுச்சாமி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அட, இதையெல்லாம் நான் எப்பவோ படிச்சாச்சுங்க!" என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மெதுவாக நகர ஆரம்பித்தது. அவர் காலை ஊன்றினார். நாற்காலி கேட்கவில்லை. வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியது. அம்மா கெட்டிக்காரி. "எனக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க," என்று உண்மையைச் சொன்னாள். உடனே அவளுக்குப் பஜ்ஜி வந்தது.

சென்னியப்பன் படித்தான். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் படித்தான். தோட்டத்தில் போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் வராமல் புகை மட்டும் பார்த்தவன் அவன். கிணறு என்றாலே எரிச்சல். ஆனால் அந்தப் புத்தகம் எழுதிய ஆள் சாதாரண ஆளில்லை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் இருந்தால் கடப்பாரைச் சத்தம் எப்படி மாறும் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தார். அதைப் படிக்கும்போது சென்னியப்பனுக்குக் காது கூர்மையானது. கடைசியில் தண்ணீர் வந்தது. கூடத்துக் கிணற்றிலும் வந்தது. மாமனுக்குக் கழுத்து வரை ஏறி நின்றது.

"எப்படீங்க மாப்ள?"

"அடியில நின்னு மேல பாத்தா வானம் ஒரு வட்டத் தட்டு மாதிரித் தெரியுதுன்னு எழுதியிருக்காருங்க. அங்க கொஞ்ச நேரம் நிறுத்திட்டனுங்க."

மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும் அங்கதான் நிறுத்தினேன் மாப்ள. அப்பறம் மேல ஏறவே மனசு வரலை."

அடுத்த அறைக் கதவு திறந்தது.

அந்த அறையில் பெண்ணின் சித்தி ருக்மணி ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே சுவரெல்லாம் வெண்பனி. அவள் சொன்னது பனிப் பிரதேசத்தைப் பற்றிய புத்தகம்.

"பனி விழுகறப்பச் சத்தமே இருக்காதுங்க. ஊரே வாயை மூடிக்கும்."

"நீங்க போயிருக்கீங்களா அத்தை?"

"ஈரோட்டையே தாண்டுனதில்லீங்க. மத்தியானம் பாத்திரம் கழுவிப் போட்டுட்டு ஒரு நடை போயிட்டு வந்துருவேன். நாலு மணிக்குப் பால்காரர் வந்துருவாருங்கல்ல?"

சென்னியப்பன் அவள் காலைப் பார்த்தான். செருப்பில் பனி ஒட்டியிருந்தது. அடேயப்பா என்றிருந்தது அவனுக்கு. உலகம் முழுக்கச் சுற்றியவர்கள் அங்கே ஒரு நாய்க்குட்டியைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்திருக்கிறார்கள். இந்தம்மா சோப்பு நுரை காயாத கையோடு பனிமலைக்குப் போய்விட்டுப் பால் வாங்க வந்துவிடுகிறாள்! அவன் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். படிக்கப் படிக்கத் தலையில் பனி விழுந்தது. முடித்துவிட்டுத் தட்டிவிட்டான். காதோரம் விழுந்தது மட்டும் போகவில்லை. அது அப்படியே வெள்ளையாக நின்றுவிட்டது.

"முடிஞ்சுதா கண்ணு?" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. குரல் ரொம்பத் தூரத்தில் இருந்தது.

"இன்னுங் கொஞ்சமுங்மா."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாம் பெண் பார்க்க அல்லவா வந்தோம்! "பொண்ணு எங்கீங்க அத்தை?" என்று கேட்டான்.

"அடுத்த ரூமுதானுங்க."

அடுத்த அறையிலும் அதையேதான் சொன்னார்கள்.

பிறகு ஒரு நீள நடைவழி வந்தது. அவன் நடக்க நடக்க அது நீண்டது. இரண்டு பக்கமும் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள், கல்யாண மண்டபத்தில் மொய் எழுத நிற்பது போல. பெண்ணின் ஒன்றுவிட்ட அண்ணன் சிறுநீரகத்தைப் பற்றிய புத்தகத்தைச் சொன்னார். "ஒரு நிமிஷம் சும்மா இருக்காதுங்க மச்சான், பாவம். நம்மளைக் கேட்டா செய்யுது?" அவருடைய மனைவி வரப்புத் தகராறு வழக்குகளைத் தொகுத்த சட்டப் புத்தகத்தைச் சொன்னாள். அதில் பங்காளிகள் இருவர் கோர்ட்டில் சண்டை போட்டுக்கொண்டே ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற இடத்தை, அவன் படிக்கக் காத்திருக்காமல் தன் வாயாலேயே சொல்லிச் சிரித்தாள். திமிங்கிலத்தின் காதைப் பற்றி ஒருவர். முடிச்சுப் போடுவதைப் பற்றி ஒருவர். அவரை அவிழ்த்துவிட்டுத்தான் பேச முடிந்தது. நடையின் நடுவில் டீக்கடை ஒன்று இருந்தது. டீ ஆற்றுகிறவரும் ஒறம்பரைதான். அவர் இடி மின்னல் பற்றிய புத்தகத்தை டம்ளருக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். டீ லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் ஒவ்வொருவரிடமும் "கண்டிப்பாப் படிக்கறனுங்க" என்றான். சொன்னபடி படித்தான். இப்போது அதைப் பயத்தில் சொல்லவில்லை, ஆசையில் சொன்னான். என்ன மனுஷர்கள் என்கிறீர்கள்! ஒருத்தராவது 'எனக்குத் தெரியும் பார்' என்று சொல்லியிருந்தால் கேளுங்கள். குழம்புச் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பது போல வைத்தார்கள். அவன் முடிக்கும் வரை, 'அந்த இடம் வந்துருச்சா, அந்த இடம் வந்துருச்சா' என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்படி ஒரு குடும்பத்துக்குள் வர நமக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டுமே என்று அவன் நினைத்துக்கொண்டான். கூடவே பழைய பயமும் வந்தது. இவர்கள் எல்லோருக்கும் உள்ளே என்னென்னமோ இருக்கிறது. நமக்கு? கோகிலவாணி கேட்டால் கிணற்றையும் பனியையும் சொல்லலாம். அதெல்லாம் இவர்கள் போட்டதுதானே. நம்முடையது என்று எதைச் சொல்வது?

நடையின் கோடியில் பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். முந்தானைக்குள் ஒரு சின்னப் புத்தகம்.

"என்ற கிட்ட ஒரே ஒரு புத்தகந்தானுங்க மாப்ள. மண்புழுவைப் பத்தினது. புடிக்காட்டி உட்ருங்க."

அவன் நின்றபடியே படித்தான். கண்ணில்லாத, காதில்லாத ஒரு ஜீவன். கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து, மேலே இருப்பதைக் கீழே கொண்டுபோய், யாரும் கேட்காமல் பூமி முழுக்கப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பாதிக்கு மேல் எழுத்து மறைத்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தான்.

"என்ற தோட்டத்துலயும் இருக்குங்களா அத்தை?"

"எல்லாத்துத் தோட்டத்துலயும் இருக்குமுங்க. யாரும் தோண்டிப் பாக்கறதில்லை."

"தெரியாம எத்தனைய மிதிச்சிருப்பனுங்க."

"அதுக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க," என்று அவள் அதன் சார்பாகச் சொல்லிவிட்டு, கடைசிக் கதவைத் திறந்தாள்.

கோகிலவாணி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். சாதாரணக் கைத்தறிச் சேலை. அவளுக்கும் காதோரம் கொஞ்சம் பனி நின்றிருந்தது. கையில் புத்தகம் இல்லை. அந்த அறையிலேயே புத்தகம் இல்லை. எதிரே ஒரு நாற்காலி மட்டும் கிடந்தது.

சென்னியப்பன் தயார் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிட்டான். கடப்பாரைச் சத்தம், சிறுநீரகம், திமிங்கிலம், டிபன் பாக்ஸ். அவள் தலையாட்டிக் கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்ததுதான்.

"நீங்களும் எனக்கு ஒரு புத்தகம் சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

"நான் படிச்சு முடிக்காம எதையும் சொல்றதில்லீங்க. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அவன் வலது கையைப் பிடித்து, அட்டையைத் திறப்பது போலத் திறந்தாள். வலிக்கவில்லை. லேசாகக் காற்றுப் பட்டது.

"உள்ள ஒண்ணும் இருக்காதுங்க," என்றான். அவமானமாக இருந்தது. "பாத்துட்டு ஏமாந்துராதீங்க."

"சித்த பேசாம இருங்க. படிச்சுட்டு இருக்கேன்."

அவள் படித்தாள். விரலை ஓட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். அவன் இமைக்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். ஓரிடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின் அவள் நின்று, பின்னால் புரட்டி, விட்ட ஒரு இடத்தை மறுபடி படித்தாள். இதுவரை போன வீடுகளில் எல்லாம் அட்டையைப் பார்த்தார்கள், திருப்பி விலையைப் பார்த்தார்கள், கீழே வைத்தார்கள். அவனுக்காக ஒருத்தரும் ஒரு பக்கம்கூடத் திரும்பிப் போனதில்லை.

"எந்த இடமுங்க சிரிச்சது?"

"சொல்லமாட்டேன். அடுத்தாப்புல படிக்கறவங்களுக்கு ருசி போயிரும்."

இன்னும் போனாள். விலா எலும்புக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு சொட்டு ஈரம் விழுந்ததை அவன் உணர்ந்தான். அவள் மூக்கை உறிஞ்சினாள். ஆனால் நிறுத்தவில்லை.

அறை வாசலில் செருமல் கேட்டது. பெண்ணின் அப்பா வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டார் அத்தனை பேரும் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டில் கோகிலவாணி எந்தப் புத்தகத்தையும் லேசில் சொல்லிவிட மாட்டாள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும் போலிருந்தது.

"எப்படி அம்மிணி?" என்றார் அப்பா.

"படிங்கப்பா," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "எல்லாரும் படிக்கோணும்."

"எதைப் பத்தி?"

அவள் யோசித்தாள். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் புரட்டிப் பார்த்தாள். சென்னியப்பனும் காத்திருந்தான். அவனுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

"எதைப் பத்தியும் இல்லீங்கப்பா," என்றாள். "ஆனா கீழ வெக்க முடியலை."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டினார். "குடு, நானுஞ் சித்த பாக்கறேன்."

"இருங்கப்பா. நான் இன்னும் முடிக்கலை," என்று அவள் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டார் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள். வரிசை நடையைத் தாண்டிப் போனது. சென்னியப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அசைந்தால் அவளுக்குப் பக்கம் தவறிவிடும் என்று, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டான்.